சிறு கூடாரத்தின் பலம்

மலைப் பிரயாணத்தில் நாட்டங்கொண்டு, இதுவரை வாடகைக் கூடாரங்களிலேயே இரவுகளைக் கழித்து வந்த நண்பர்கள், இனிச் சொந்தத்தில் ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானிக்கும்போது என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. இருவர் படுக்கக்கூடிய கூடாரம் வேண்டும். முதுகுப்பைக்குள் அடங்கும்படி சிறியதாக இருக்கவேண்டும். வருஷக்கணக்கில் உழைக்கவும் வேண்டும். சிறுமை, உறுதி என்னும் இவ்விரண்டில் எதை எதற்காக விட்டுக்கொடுப்பது? இந்தக் கேள்விக்குள்ளேயே ஓர் அபிப்பிராயம் மறைந்திருக்கிறது. சிறியது சீக்கிரம் கெட்டுப்போகும், பெரியதும் கனமானதுமே நீடித்து நிற்கும் என்று, வீட்டுச் சாமான்களைப் பார்த்துப் பழகிய நம் மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. கூடாரத்தின் விஷயத்தில் அந்த எண்ணம் பொருந்துவதில்லை என்பதையும், அளவிலே சிறியதாயிருப்பது கூடாரத்தின் பலத்துக்கே ஒரு காரணம் என்பதையும், அது பலவீனமாவது அளவைக் குறைப்பதனால் அன்று, நூலையும் கழியையும் அளவுகடந்து மெலியவைப்பதனாலேயே என்பதையும் இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே வழியில் இரண்டு பருவங்கள்

பொதுப்படையாகப் பேசினால் எல்லாக் கூடாரமும் நல்லதாகவே தோன்றும். ஆகையால் ஒரு குறிப்பிட்ட வழியைக் கண்முன் வைத்துக்கொண்டு பேசுவோம். ஹிமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலிருந்து புறப்பட்டு, பீர் பஞ்சால் தொடரைச் சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கடந்து, லாஹௌலில் சந்திரா நதிக்கரையிலுள்ள சத்ருவில் போய் இறங்குகிற ஹம்ப்டா கணவாய் வழியைத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறச் செல்பவர்களில் பலர் அறிவார்கள். அதில் ஏறுகிற பக்கம் குலுவைச் சேர்ந்தது; தேவதாருவும் பூர்ஜமரமும் புல்வெளியும் நிறைந்தது; ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழையும் மூடுபனியும் விட்டு விலகாதது. இறங்குகிற பக்கமோ மழைமறைவுப் பிரதேசம். பாறையும் மணலும், உலர்ந்த காற்றும், கண்ணைக் கூசவைக்கும் வெயிலுமே அங்கே ஆட்சி செய்கின்றன. முதல் நாள் இரவு மழையில் ஊறிய அதே துணி, இரண்டொரு நாளைக்குள் புழுதிக்கும் சூரியனுக்கும் முகங்கொடுக்க நேர்கிற இவ்வழியைப்போல், ஒரு கூடாரத்தின் குணதோஷங்களை ஒருசேர வெளிப்படுத்திக் காட்டும் இடம் நம் தேசத்தில் அதிகமில்லை. இனி நான் சொல்வதையெல்லாம் இந்தக் கணவாயை மனத்தில் கொண்டே சொல்கிறேன்.

முன்னோர் கண்ட வழி

மலையேறுபவனுக்கு ஏற்ற சிறு கூடாரம் என்ற யோசனை புதியதன்று. 1865-இல் மாட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய எட்வர்டு விம்பர், அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, இரு முனைகளிலும் இரண்டிரண்டு கழிகளைக் கத்தரிபோல் நிறுத்தி, தரைத்துணியைச் சுவர்த்துணியோடு சேர்த்தே தைத்து, தமக்கென்று ஒரு கூடாரம் அமைத்துக்கொண்டார். தரையும் சுவரும் ஒன்றாகத் தைக்கப்பட்டதனால் ஈரமும் குளிர்காற்றும் நுழைவதற்கு இருந்த இடைவெளி அடைபட்டுப்போயிற்று. 1895-இல் நங்க பர்பத்தில் உயிர்நீத்த ஆல்பர்ட் மம்மரியின் பெயரால் வழங்கும் கூடாரம் பட்டுத்துணியால் ஆனது. தனிக் கழி சுமக்காமல், கையிலிருக்கும் பனிக்கோடரியையே கழியாக ஊன்றி அதை நிறுத்தினார்கள். இன்று நடைக்கோல்களையே தாங்கலாகக்கொண்டு நிற்கும் கூடாரங்களெல்லாம் அந்த யோசனையின் வழித்தோன்றல்களே.

1973-இல் ஸ்வீடன் தேசத்து ஹில்லெபெர்க் நிறுவனம், ‘ஃப்ளை’ என்று நாம் சொல்லும் மேல்துணியையும் உள்கூடாரத்தையும் ஒன்றோடொன்று இணைத்து, இரண்டும் ஒரே சமயத்தில் எழும்பும்படியான கூடாரத்தை வெளியிட்டது. 1975-இல் அமெரிக்காவின் நார்த் ஃபேஸ் நிறுவனம், பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கோளவடிவக் கட்டடக் கொள்கையைத் தழுவி, வளைகழிகள் ஒன்றையொன்று பல இடங்களில் வெட்டிச் செல்லும் ‘ஓவல் இன்டென்ஷன்’ என்ற கூடாரத்தைச் செய்தது. ஈரம் புகாத தரை, சுமையைக் குறைக்கும் கழி, மழையிலும் நனையாமல் எழும்பும் உள்கூடாரம், ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கும் வளைவுகள் என்று, நாம் இன்று கடையில் கேட்டு வாங்கவேண்டிய நான்கு குணங்களும் இந்தச் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கின்றன.

இவற்றுள் மூன்றாவது குணத்தைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். சந்தையில் கிடைக்கும் கூடாரங்களில் பெரும்பகுதி, முதலில் உள்கூடாரத்தை எழுப்பிவிட்டுப் பிறகு அதன்மேல் மேல்துணியைப் போர்த்தும்படியாகவே செய்யப்படுகின்றன. மழை குறைவான அமெரிக்க மேற்குப் பகுதிகளில் அதனால் குறையொன்றும் இல்லை. ஆனால் குலுப் பக்கத்தில், பிற்பகல் மழை பொழிந்துகொண்டிருக்கையில், கொசுவலைபோன்ற உள்கூடாரத்தைத் திறந்தவெளியில் நிறுத்தி, அதன்பின் மேல்துணியைத் தேடி எடுப்பதற்குள் படுக்குமிடம் நனைந்துவிடும். என் மனைவியும் நானும் மேல்துணி முதலில் எழும்பும் வகையையே வைத்திருக்கிறோம். ஒருவர் வெளியே முளையடித்துக்கொண்டிருக்க, மற்றவர் அதன் அடியில் ஈரம்படாமல் உள்கூடாரத்தை மாட்டிவிடமுடிகிறது. மழைக்காலத்தில் நடக்க நினைப்பவர்கள், வேறெதை விட்டாலும் இந்த ஒரு குணத்தை விடலாகாது.

சிறுமை எப்படிப் பலமாகிறது

ஒரே கனமுள்ள கழியின் நீளத்தை இரு மடங்காக்கினால், அதே பாரத்துக்கு அது வளையும் அளவு ஏறக்குறைய எட்டு மடங்காகிறது என்பது பௌதிக சாஸ்திரம். காற்றின் வேகம் இரட்டித்தால் துணியின்மேல் அது செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. இவ்விரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, உயரமும் அகலமும் மிகுந்த கூடாரம், அதிகத் துணியைக் காற்றுக்குக் காட்டி, அதை அதிக நீளமான கழிகளால் தாங்க முயல்கிறது என்பதும், அதை ஈடுசெய்யக் கழியைத் தடிப்பாக்கினால் சுமை கூடுகிறது என்பதும், சுமைக்கு அஞ்சித் துணியை மெலியவைத்தால் ஆயுள் குறைகிறது என்பதும் விளங்கிவிடும். தாழ்வாகவும் குறுகலாகவும் அமைந்த இருவர் கூடாரமோ, சுமாரான தடிப்புள்ள கழியைக்கொண்டே ஸ்திரமாக நிற்கிறது. அளவில் மிச்சம்பிடித்த எடையைத் துணியின் கெட்டித்தன்மையில் செலவிடத் தயாரிப்பாளருக்கும் இடம் கிடைக்கிறது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுவதால், அதே வேகத்தில் வீசும் காற்றின் தாக்குதல் அங்கே சற்றுக் குறைவுதான். ஆயினும் கணவாயின் வாயில் வீசும் காற்றின் வேகம் அந்தச் சலுகையை அநேகமாக விழுங்கிவிடும்.

ஆனால் எவ்வளவு சிறியது? இங்கேதான் அளவுநாடா வேண்டும். சாதாரணப் படுக்கைப்பாய் ஒன்றின் அகலம் 51 சென்டிமீட்டர். அகலமான வகை 64 சென்டிமீட்டர். இருவருக்கான கூடாரங்களில் பல, தலைப்பக்கம் 130 சென்டிமீட்டர் அளவுக்கு அகன்றிருந்து, கால்பக்கம் ஒடுங்கிவிடுகின்றன. இரண்டு சாதாரணப் பாய்களுக்கு இது தாராளம். இரண்டு அகலப் பாய்களுக்குக் கால்பக்கத்தில் இடமிராது. நீளத்தைப் பொறுத்தவரை, ஐந்தடி பத்தங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு 215 சென்டிமீட்டராவது வேண்டும். துணி சரிந்து வருவதனால் காற்றடைத்த பாயின்மேல் உயர்ந்து கிடக்கும் ஸ்லீப்பிங் பேக்கின் தலையும் காலும் சுவரைத் தொடும். தொட்ட இடமெல்லாம் விடிவதற்குள் நனைந்துபோகும். உயரம் ஒரு மீட்டர் இருந்தால் போதும். இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்கார முடிகிறதா என்பதே சோதனை. மழை விடாத ஒரு பகல்பொழுது முழுவதையும் உள்ளேயே கழிக்க நேரும்போது, உட்கார முடியாத கூடாரம் இருவருடைய பொறுமையையும் சோதித்துவிடும்.

வாயில் இரண்டு இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். உயர்ந்த மலைகளில் நிறையத் தண்ணீர் குடிப்பது உடல்நலத்துக்கு அவசியம். அதன் பயனாக இரவில் எழுந்து வெளியே போவதும் தவிர்க்கமுடியாதது. வாயில் ஒன்றே இருந்தால், ஒருவர் எழும் ஒவ்வொரு தடவையும் மற்றவர் உறக்கம் கலைகிறது. இரண்டு வாயில்கள் இருந்தால் ஒவ்வொன்றின் முன்னும் மேல்துணி நீண்டு ஒரு சிறு மறைப்பிடமும் அமைகிறது. கிராமத்து வீட்டில் திண்ணை எவ்விதமோ அவ்விதம் இதுவும் வீட்டுக்குள்ளும் சேராது, வெளியிலும் சேராது. ஈரச் செருப்பும் முதுகுப்பையும் அங்கே கிடந்தால்தான் உள்ளிடம் சிறியதாயிருந்தும் சௌகரியமாகிறது. அங்கே அடுப்பு மூட்டுவதைமட்டும் செய்யாதீர்கள். துணி தீப்பற்றும் அபாயமும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும் அபாயமும் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை.

துணியும் அதன் பூச்சும்

துணியின் கனத்தை ‘டெனியர்’ என்ற அளவால் சொல்கிறார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். மேல்துணி 20 முதல் 40 டெனியருக்குள் இருந்தால், மெல்லியதாயினும் நம்பத்தக்கது. 10, 15 டெனியர் துணிகள் எடையை மிச்சப்படுத்தினாலும், மிகுந்த நிதானத்தோடு கையாள்பவர்களுக்கே அவை உரியவை. இந்த எண்ணை மாத்திரம் பார்த்து முடிவுசெய்துவிடலாகாது. நைலான் துணியின் இரு புறமும் சிலிக்கோன் பூசினால், கிழிசல் தொடங்கும் இடத்தில் நூல்கள் வழுக்கி நகர்ந்து ஒன்றாகத் திரண்டு பாரத்தைப் பகிர்ந்துகொள்வதனால், துணி எளிதில் கிழிவதில்லை. பாலியுரேத்தேன் பூச்சோ நூல்களை இருக்கிற இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடுவதனால், ஒவ்வொரு நூலும் தனித்தனியே அறுபட்டுக் கிழிசல் விரைவாக ஓடுகிறது. ஆகவே சிலிக்கோன் பூசிய மெல்லிய துணி, பாலியுரேத்தேன் பூசிய தடித்த துணியைக்காட்டிலும் கிழியாத்தன்மையில் சிறந்து நிற்பது சாத்தியமே.

நைலானா, பாலியெஸ்டரா என்பது அடுத்த விசாரம். நைலான் அதிக வலுவுடையது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி நீளும் சுபாவமுள்ளது. மாலையில் விறைப்பாகக் கட்டிய மேல்துணி, மழையில் நனைந்து நள்ளிரவில் தொய்ந்து, உள்கூடாரத்தின்மேல் ஒட்டிக்கொள்வது இதனால்தான். படுக்கப்போகுமுன் கயிறுகளை ஒருமுறை இறுக்கிவிடுவது நைலான் கூடாரம் வைத்திருப்பவரின் நித்திய கடமை. பாலியெஸ்டர் அவ்வளவாக நீள்வதில்லை. சூரியனின் புறஊதாக் கதிர்களையும் நைலானைவிட நன்றாகத் தாங்குகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அக்கதிர்களின் வலிமை ஏறக்குறைய பத்து சதவீதம் கூடிக்கொண்டே போவதை நினைத்தால், லாஹௌலின் வெயிலில் பகல் முழுவதும் கூடாரத்தை விரித்தே வைத்திருப்பது அதன் ஆயுளை வீணாகச் செலவழிப்பதாகும் என்பது தெரியவரும்.

தரைத்துணிக்கு வேறு கணக்கு. எத்தனை மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்க்கம்பத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்பதைக்கொண்டு நீர்காப்பை அளக்கிறார்கள். 3,000 மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் அழுத்தம். விழுகிற மழைத்துளிக்கு இதில் பாதியே போதும். ஆனால் ஈரத்தரையின்மேல் ஒருவர் முழங்காலை ஊன்றும்போது அழுத்தம் அதைத் தாண்டிப்போகக்கூடும். ஆகையால் தரைக்கு மேல்துணியைவிடத் தடித்த துணியும் கூடுதலான நீர்காப்பும் அவசியம். எடையைக் குறைக்கும் நிமித்தம் தரையை மெலியவைத்த கூடாரத்தை வாங்கி, பிறகு அதைக் காப்பாற்ற அடியில் இன்னொரு விரிப்பைச் சுமப்பதில் லாபமில்லை.

மேல்துணியின் உட்புறம் காலையில் நனைந்திருப்பதைக் கண்டு கூடாரம் ஒழுகுகிறது என்று வருந்துவோர் உண்டு. இருவர் இரவு முழுவதும் வெளியிடும் மூச்சிலுள்ள நீராவியே குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. மேல்துணி, உள்கூடாரம் என்று இரண்டு அடுக்குகள் இருந்தால் அந்த ஈரம் படுக்கையைத் தொடுவதில்லை. காற்றுப்போக்கியைத் திறந்து வைப்பதும், ஆற்றங்கரையின் பள்ளத்தை விட்டுச் சற்று மேடான இடத்தில் தங்குவதும், விலையில்லாத பரிகாரங்கள்.

எது முதலில் பழுதாகும்?

உறுதியான கூடாரம் என்பது பழுதே அடையாத கூடாரம் என்று கொண்டால், அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. பழுதானால் திருத்தக்கூடியது எதுவோ அதுவே நீடித்து உழைக்கிறது. கழியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைக் கழி மலிவானது, கனமானது, முறியும்போது சிம்பு சிம்பாகப் பிளந்து துணியையும் கிழித்துவிடுவது. கார்பன் இழைக் கழி இலேசானது, ஆனால் முன்னறிவிப்பின்றி ஒடிவது. துத்தநாகம் கலந்த 7000 வரிசை அலுமினியக் கழி வளைந்து எச்சரித்த பிறகே முறிகிறது. முறிந்த இடத்தின்மேல் ஒரு சாண் நீளமுள்ள சிறு குழாயைச் செருகி ஒட்டுநாடா சுற்றிவிட்டால், மிச்சப் பிரயாணத்தை முடித்துவிடலாம். கொரியாவின் டிஏசி நிறுவனம் செய்யும் இத்தகைய கழிகளை உலகத்தின் சிறந்த கூடாரத் தயாரிப்பாளர்கள் பலர் உபயோகிப்பதனால், துண்டுகளைத் தனியே வாங்கி மாற்றுவதும் கூடிய காரியமாயிருக்கிறது.

அடுத்தது ஜிப். லாஹௌலின் நுண்மணல் பல்லுக்குள் புகுந்து ரன்னரைத் தேய்த்துவிடுகிறது. தேய்ந்த ரன்னர் பற்களைச் சேர்த்துப் பிடிக்காமல் விட்டுவிடும்போது, ஜிப்பே போய்விட்டதென்று எண்ணிக் கூடாரத்தை எறிந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அநேகமாக ரன்னரை மாத்திரம் மாற்றினால் போதும். நம் ஊர்களில் பை தைத்துத் திருத்தும் கடைகளில் இதைச் செய்து கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பிரயாணத்துக்குப் பிறகும் பழைய பல்துலக்கும் பிரஷினால் ஜிப்பின் பற்களைச் சுத்தம் செய்துவிட்டால் அதற்குக்கூட அவசியம் நேராது. துணியின் கிழிசலை ஒட்டும்போது ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்கவேண்டும்: சிலிக்கோன் பூசிய துணியில் சிலிக்கோன் பசைதான் பிடிக்கும், சாதாரண ஒட்டுத்துண்டு சில மணி நேரத்தில் உரிந்துவிடும். உங்கள் துணியின் பூச்சு எது என்பதை வாங்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது, மலையில் உதவும்.

பரணில் நேரும் அழிவு

இத்தனையும் சொன்ன பிறகு, தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் வசிக்கும் நண்பர்களுக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நம்மிடமுள்ள கூடாரங்கள் மலையில் கழிப்பது வருஷத்தில் சில நாட்கள்; மிச்ச நாட்களையெல்லாம் அவை கழிப்பது பரணிலும் பீரோவிலும். பாலியுரேத்தேன் பூச்சு, உஷ்ணமும் ஈரப்பதமும் சேர்ந்த காற்றில் நாளடைவில் ரசாயன மாறுதலுக்கு உள்ளாகி, பிசுபிசுத்து, புளித்த நாற்றம் வீசி, கடைசியில் செதில்செதிலாக உதிர்ந்துபோகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களின் காற்று இதற்கு எவ்வளவு அனுகூலமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஹம்ப்டாவின் காற்றையும் கல்லையும் வென்று திரும்பிய கூடாரம், சரியாக உலர்த்தப்படாமல், அதன் சிறு உறைக்குள் திணிக்கப்பட்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பரணில் கிடந்தால், அடுத்த பருவத்தில் எடுத்துப் பார்க்கும்போது உபயோகமற்றதாகியிருக்கக்கூடும்.

இதற்குப் பரிகாரம் எளியது. ஊர் திரும்பியதும் தண்ணீரில் நனைத்த பஞ்சினால் அழுக்கைத் துடைத்து, நிழலில் கொடிகட்டி, தையல் மடிப்புகளும் தரையின் மூலைகளும் முற்றிலும் உலரும்வரை விட்டுவைக்கவேண்டும். சலவை இயந்திரத்தில் போடவே கூடாது. பிறகு இறுக்கமான உறையில் அடைக்காமல், பெரிய பருத்தித் துணிப்பையில் தளர்வாகப் போட்டு, வீட்டில் உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும். வாங்கும்போதே இரு புறமும் சிலிக்கோன் பூசிய துணியையோ, பாலியுரேத்தேன் என்றால் ஈரத்தால் சிதைவது குறைவான ‘பாலிஈதர்’ வகையையோ தேர்ந்துகொள்பவருக்கு இந்தக் கவலை பாதியாகிறது.

எங்கே அடிப்பது

சிறு கூடாரத்துக்குச் சிறிய சமதரையே போதும் என்பதும் அதன் விசேஷங்களில் ஒன்று. ஆனால் சமதரை இருக்கிற இடமெல்லாம் தங்கும் இடமாகாது. ஹிமாசலப் பிரதேசத்தில், 2005-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சந்திரதால் ஏரியின் கரையில் கூடாரம் அடிக்க அனுமதியில்லை, விலகிப்போய்த்தான் தங்கவேண்டும். உத்தராகண்டில் ‘புக்யால்’ எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை அம்மாநில உயர்நீதிமன்றம் 2018-இல் தடைசெய்தது. அதே வருஷம் மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீக்கு இரையான மலையேற்றத்தாரை நினைவில் வைத்திருக்கும் நமக்கு, வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டில் கால்வைக்கலாகாது என்பதற்கு வேறு உபதேசம் தேவையில்லை.

என் முடிவு

இருவருக்கான கூடாரம், கழியும் முளையும் உறையும் சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும். ஒருவர் துணியையும் மற்றவர் கழியையும் முளையையும் பகிர்ந்துகொண்டால், ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வராது. ஒரு கிலோவுக்கும் குறைவான கூடாரங்களைத் தேடிப் போகவேண்டாம். அந்தக் கடைசி முந்நூறு, நானூறு கிராமைக் குறைப்பதற்காகத்தான் துணியின் ஆயுள் பெரும்பாலும் பறிபோகிறது. உள்ளிடம் போதாதென்று மூவர் கூடாரத்துக்கும் தாவவேண்டாம். அதில் கிடைக்கும் தாராளத்தைக் கணவாயின் காற்று திருப்பிக் கேட்கும்.

கடைக்குப் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். கூடாரத்தை விரித்து நிறுத்தச் சொல்லி, உங்கள் பாய்களை உள்ளே போட்டு, இருவரும் படுத்தும் உட்கார்ந்தும் பாருங்கள். பிறகு விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கழியின் ஒரு துண்டு முறிந்தால் அதைமட்டும் தனியே வாங்கமுடியுமா? துணியின் பூச்சு எது, அதற்குரிய பசை எது? மழையில் மேல்துணியை முதலில் எழுப்பமுடியுமா? இம்மூன்றுக்கும் தயக்கமின்றி விடை சொல்லப்படுகிற கூடாரம், விலை சற்றுக் கூடுதலாயிருந்தாலும், உங்களுக்குரியது. விடை கிடைக்காத கூடாரத்தை, அது எவ்வளவு இலேசாயிருந்தாலும், எவ்வளவு பெயர்பெற்றிருந்தாலும், வாங்காமல் வந்துவிடுங்கள்.